ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

“ஒரு மாவுக்கு 100 குழி, 20 மா ஒரு வேலி. அந்த வேலியை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தால் குழிக்கணக்கு முழுசாக வருவதில்லையே, ஏன்?” என்று திருவையாற்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

நில அளவில் வேலிக்கு 2000 குழி. 2000 = 2⁴ × 5³. இதில் 3 இல்லை, அவ்வளவுதான். அடுக்குகளோடு ஒவ்வொன்றாக 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின், அதாவது மீதியில்லாமல் வகுக்கும் எண்களின், எண்ணிக்கை வந்துவிடும்: 5 × 4 = 20. அதைவிடச் சிறிய 1680க்கோ 40 வகுத்திகள். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட இப்படிப்பட்ட எண்தான் உயர் பகு எண்.

இவற்றின் அமைப்பு அழகானது. 2 × 3⁴ = 162; வகுத்திகள் 10. அடுக்குகளை இடம் மாற்றுங்கள்: 2⁴ × 3 = 48; இதற்கும் வகுத்திகள் 10தான். அதே எண்ணிக்கை குறைந்த செலவில் கிடைத்துவிட்டதால் 162 போட்டியிலேயே இல்லை. ஆகவே உயர் பகு எண்ணில் பெரிய அடுக்கு 2க்கு. அடுத்தடுத்த பகா எண்களுக்கு அடுக்கு குறையலாம் அல்லது சமமாக இருக்கலாம், கூடவே கூடாது. நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போகவும் முடியாது.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915இல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இதற்காகத்தான். ஆனால் லண்டன் கணிதக் கழகத்தில் பணத்தட்டுப்பாடு இருந்ததால் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது வெளிவந்தது 1997இல்! கணித ஆய்வுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். அச்சுச் செலவும், ஆய்வு மாணவருக்கு மாதம் தவறாத உதவித்தொகையும் போதும். அதில் கை வைப்பதைப் போன்ற வீண் சிக்கனம் வேறில்லை.

அந்த 1915 கட்டுரையில் 6746328388800 வரை உயர் பகு எண்களின் அட்டவணை இருக்கிறது. அதில் ஒன்றே ஒன்று விடுபட்டுப் போனது: 293318625600. பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அந்த 5040ம் ஓர் உயர் பகு எண்!

அடுத்த எண்ணுக்குப் போகும் வழி இன்னும் சுவையானது. ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் எடுத்துவிட்டு, 23ஐச் சேர்க்க வேண்டும். 21 போய் 23 வருவதால் எண் கொஞ்சம்தான் பெருக்கிறது: 321253732800. வகுத்திகளோ 5376 ஆகிவிடுகின்றன. அப்புறம், விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்ணே வந்து நிற்கும், 10080 வகுத்திகளோடு.

ராமானுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் சொன்னார் என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ராமானுஜனின் பக்தியை மதிக்கிறேன். ஆனால் இந்த அட்டவணை கையால், வரி வரியாகப் போட்டது. விடுபட்ட ஒரு வரியே அதற்குச் சாட்சி. டிசம்பர் 22 கணித தினத்தன்று டெல்டா பள்ளிகளில் ஹார்டி வந்த டாக்சியின் எண்ணான 1729 கதையோடு இந்த எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வரும் கணக்குதான்.