கேமரா இருக்கிறது, சரி. அறையில் எத்தனை பேர்?

குழந்தையை டே கேரில் சேர்க்கப் போகும் பெற்றோர் பலர் என்னிடம் முதலில் சொல்வது, "அங்க சிசிடிவி இருக்கு டாக்டர், ஆபீஸ்ல இருந்தே பார்த்துக்கலாம்" என்பதுதான். கேமரா இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் குழந்தை விழுவதை அது பதிவு செய்யும், ஓடிப்போய்ப் பிடிக்காது. குழந்தை மருத்துவராக நான் அவர்களிடம் கேட்கச் சொல்வது வேறு: என் குழந்தை இருக்கும் அறையில், ஒரே நேரத்தில், எத்தனை குழந்தைகளை எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பங்கேற்று வகுத்த பரிந்துரைகளின்படி, ஒரு வயது வரை 3 குழந்தைகளுக்கு ஒருவர்; அதன்பின் மூன்று வயது ஆகும்வரை 4 பேருக்கு ஒருவர்; மூன்று வயதில் 7 பேருக்கு ஒருவர். பல இடங்களில் சட்டம் இவ்வளவு கேட்பதில்லை. ஆனாலும் இந்த எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. தீப்பிடித்தால் ஒரு பெண் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும். ஆறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இன்னொன்று, ரெஜிஸ்டரில் இருக்கும் கணக்கும் அறையில் இருக்கும் கணக்கும் ஒன்றல்ல. மேனேஜரையும் சமையல் செய்பவரையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது உண்டு. ஒருவர் சாப்பிடப் போவார், இன்னொருவர் டயபர் மாற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மற்ற குழந்தைகளைப் பார்ப்பது யார்? சேர்க்கும் முன் மதிய நேரத்தில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலையில் சுற்றிக் காட்டும்போது தெரியாதது அப்போது தெரியும்.

குழந்தைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் நேரம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. விளையாட்டு இடத்திலிருந்து உள்ளே வரும்போதும் வேனில் ஏற்றி இறக்கும்போதும் தலையை மட்டும் எண்ணினால் போதாது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் பல மடங்கு வேகமாகச் சூடாகும். எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி சீட்டு வரை ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது தூக்கம். ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், அதுவும் கெட்டியான, சமமான படுக்கையில். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. அமெரிக்காவில் 1994-இல் இதற்கான பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் ஏற்படும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வீட்டில் மல்லாக்கப் படுத்துப் பழகிய குழந்தையை வேறொருவர் திடீரென்று குப்புறப் படுக்கவைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். "குப்புறப் போட்டா நல்லா தூங்குது" என்று ஆயாம்மா அன்பாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் தூங்கும் அறையில் ஒருவர் விழித்திருந்து, முகம் தெரியும் அளவு வெளிச்சத்தில், அவ்வப்போது மூச்சைக் கவனிக்க வேண்டும்.

முழு திராட்சை, கொட்டைகள், பட்டன் பேட்டரி, ஒரு வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீர்: இவை கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும், சத்தமே வராது.

பணியாளர்களைப் பற்றியும் பேச வேண்டும். குழந்தையை வேகமாகக் குலுக்கினால் மண்டைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டுப் பார்வையோ உயிரோ போகலாம். கொடூர மனம் படைத்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்கிறோம். ஓயாத அழுகையும் களைப்பும் மாற்ற ஆள் இல்லாத நிலையும் சேர்ந்தால் சாதாரண ஆளும் ஒரு நொடியில் நிதானம் இழக்கலாம். "இப்ப என்னால முடியல, கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு பணியாளர் பயமில்லாமல் சொல்லக்கூடிய இடமா என்று பாருங்கள். அவரை அந்த நேரத்தில் யார் மாற்றுவார்கள் என்று நிர்வாகியிடம் நேராகவே கேளுங்கள். அப்புறம், வேலைக்கு எடுக்கும் முன் பின்னணி விசாரித்தார்களா, முன்பு வேலை பார்த்த இடத்தில் பேசினார்களா என்பதும் முக்கியம். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெரியவர் குழந்தையுடன் தனியாக இருக்கவே கூடாது. டயபர் மாற்றும் இடமும் மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சொல்லாமல் வரும் பெற்றோரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் காப்பகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடக்கும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம். அதை அன்றே எழுதித் தரும் காப்பகத்தை நம்பலாம்: எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், என்ன முதலுதவி செய்தார்கள் என்று. வருடம் முழுவதும் ஒரு கீறல்கூடப் பதிவாகாத இடம்தான் எனக்குச் சந்தேகம் தரும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால், சரியான விளக்கம் இல்லாதபோது விட்டுவிடாதீர்கள். நான்கு மாதம்கூட ஆகாத குழந்தையின் உடலில் எங்கே கன்றினாலும் அப்படித்தான். தேதியுடன் படம் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பேசத் தெரிந்த குழந்தையிடம் "அவங்க அடிச்சாங்களா?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள். "என்ன ஆச்சு?" என்று ஒரு தடவை கேட்டு, சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். மேற்கொண்டு விசாரிப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.