பதினேழாம் நாள் காலையில் யார் வருகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம் மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சாவு விழுந்தால் தெருவே திரண்டுவிடும். கூடாரம் வரும், நாற்காலிகள் வரும், கோயிலிலிருந்து பெரிய பாத்திரங்கள் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை வீட்டில் ஆள் குறையாது. பதினேழாம் நாள் காலை ஆறரை மணிக்கு, இரண்டு பேரப்பிள்ளைகளை எழுப்பிச் சீருடை போட்டுவிட ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்திதான் இருப்பார்.

டர்பனில் நான் சமூகப் பணியாளர். வளர்ப்புக் குடும்பங்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. வளர்ப்புக் குடும்பம் என்றதும் முன்பின் அறியாத பிள்ளையை ஏற்றுக்கொண்ட தம்பதியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் என் கோப்புகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆயா, தாத்தா, பெரியம்மா, அத்தை. பிள்ளையைப் பெற்றவர்கள் இறந்திருப்பார்கள், அல்லது ‘ஷுகர்ஸ்’ என்கிற ஹெராயின் கலந்த போதைப்பொருளின் பிடியில் இருப்பார்கள். இறந்த மகனுக்காக ஊரோடு சேர்ந்து அழலாம். போதையில் கிடக்கும் மகனைப் பற்றி ஆயா வாயே திறக்க மாட்டார். அந்த வீடுகளுக்குத்தான் உதவி போய்ச் சேருவதே இல்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் இது இவ்வளவு தனிமையான வேலையாக இருந்ததில்லை. டர்பனின் பழைய குடியிருப்புகளான கேட்டோ மேனரிலும் மகசின் பாரக்ஸிலும் உறவுக்காரர்கள் அடுத்தடுத்து இருந்தார்கள். தாயில்லாப் பிள்ளை எந்த வீட்டிலும் சாப்பிடும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் அந்த இடங்களிலிருந்து மக்களைப் பெயர்த்தது. 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சின்னச் சின்ன வீடுகளுக்குள் கூட்டுக் குடும்பம் அடங்கவில்லை, சிதறிப்போனது. அன்பு அப்படியே இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு வரும் ஆள்தான் பக்கத்தில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் ஆயாவுக்கு அறுபத்தேழு வயது. (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சர்க்கரை நோய், முழங்கால் வலி, வீட்டில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பேரன்கள். முதல் தடவை போனபோது பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: “எல்லாரும் வந்தாங்கம்மா. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. பதினாறோட சரி.” குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவரை வாட்டியது அன்பில்லாமை அல்ல, காகிதம். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி வளர்ப்பு ஆணையைக் குழந்தைகள் நீதிமன்றம் தருகிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களே குழந்தைகள் நீதிமன்றங்களாகவும் இயங்குகின்றன. ஆணைக்குப் பொதுவாக 2 ஆண்டுதான் ஆயுள். நீட்டிக்காமல் விட்டால், பிள்ளையை வளர்க்க அரசு மாதந்தோறும் தரும் வளர்ப்பு மானியம் நின்றுபோகும். ஒரு காலத்தில் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்த மானியத்தில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அறிக்கை எழுதப் பணியாளர்கள் போதவில்லை. காலாவதியாகிக் கொண்டிருந்த ஆணைகளைக் காப்பாற்ற 2011இல் பிரிட்டோரியாவில் உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

இப்போது வேறொரு வழியும் இருக்கிறது. பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு, 2022 முதல், நீதிமன்றம் போகாமலே சாசா (அரசு மானியங்களை வழங்கும் அமைப்பு) அலுவலகத்தில் குழந்தை ஆதரவு மானியத்தோடு ஒரு மேல்தொகை கேட்கலாம். 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆதரவு மானியம் மாதம் 560 ராண்ட், மேல்தொகை அதில் பாதி. வளர்ப்பு மானியம் 1,250 ராண்ட். கூடுதல் என்பதற்காக நீதிமன்ற வழியில் பல மாதம் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அதற்குள் வீட்டில் அரிசி தீர்ந்துவிடுகிறது. பெற்றவர் உயிரோடு இருந்து, பிள்ளைக்கு அவரிடம் பாதுகாப்பில்லை என்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். அரசுப் பள்ளிக் கட்டணத்திலிருந்து வளர்ப்புப் பெற்றோருக்கு விலக்கு உண்டு. இதை யாரும் சொல்லாததால் ஓர் ஆயா மூன்று வருடம் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை 18 வயதிலும் படித்துக்கொண்டிருந்தால் வளர்ப்பை 21 வயது வரை நீட்டிக்கக் கேட்கலாம். அதற்கான வேலையைப் பதினேழு வயதிலேயே தொடங்கிவிடுவது நல்லது. அப்புறம், பேரப்பிள்ளையைப் பழனிக்குக் கூட்டிப்போக நேர்ந்துகொண்டிருந்தால், டிக்கெட் வாங்கும் முன் என்னைப் போன்ற ஒருவரிடம் சொல்லுங்கள். வளர்ப்பில் இருக்கும் பிள்ளை நாட்டைவிட்டு வெளியே போக மாகாண சமூக மேம்பாட்டுத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும்.

கோயில்காரர்களிடமும் சங்கத்துக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தீபாவளிக்கு ஹாம்பர் (மளிகைப் பொருள் கூடை) கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் பிள்ளையை ஹாம்பரோடு நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். குழந்தைகள் நீதிமன்ற வழக்கில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும்தான் என்ன? திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். ஒன்பது வயதுப் பையன் என்னிடம் கேட்டான்: “ஆன்ட்டி, அதை அழிக்கச் சொல்ல முடியுமா?”

அந்த ஆயாவின் வீட்டை நிமிர்த்தியது ஹாம்பர் அல்ல, கோயில் பஜனைக் குழுவில் இருந்த நாலு பெண்கள். அவர்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலைகள். ஒருவர் மாதம் ஒருமுறை ஆயாவை மருந்து வாங்கக் காரில் கூட்டிப்போனார். ஒருவர் செவ்வாய்க்கிழமைதோறும் பெரியவனின் கணக்கு வீட்டுப்பாடத்தைப் பார்த்தார். ஒருவர் சனிக்கிழமை மதியம் இரண்டு பேரையும் தன் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட வைத்துக்கொண்டார், ஆயா அந்த மூன்று மணி நேரம் தூங்கினார். நாலாமவர் ஒரு கோப்புறை வாங்கி, இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆணை, மருத்துவமனை அட்டை எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஆணை முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டார். என் பதினைந்து நிமிட வேலையையும் ஆயாவின் பல மாத அலைச்சலையும் அந்தக் கோப்புறை மிச்சப்படுத்தியது.

தொடங்கும் முன் அவர்களை ஒன்று செய்யச் சொன்னேன். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில் இருக்கும். தங்கள் பெயர் அதில் இல்லை என்று உறுதிசெய்ய நாலு பேரும் படிவம் 30ஐ நிரப்பினார்கள். ஒருவர் முகம் சற்று வாடியது. “உங்களை நம்பாமல் இல்லை அக்கா, இது பிள்ளைக்காக” என்றேன். புரிந்துகொண்டார்.

போதையில் இருக்கும் தகப்பனையும் தாயையும் பற்றி ஒரு வார்த்தை. அவர்களும் நம் பிள்ளைகள்தான். சிகிச்சை முடிந்து பிள்ளையைப் பார்க்க வரும் தாயைத் தெரு முனையிலேயே நாலு பேர் முறைத்தால் அவள் அடுத்த வாரம் வர மாட்டாள். அன்று வாசலில் உட்கார்ந்து காத்திருந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவளிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்க ஒருவர் போதும்.

பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த நேரமும் 116க்குக் கூப்பிடலாம், சைல்ட்லைன், கட்டணமில்லை.

அந்த ஆயாவின் ஆணை வருகிற மார்ச்சில் முடிகிறது. காலண்டரில் சிவப்பு வட்டத்துக்குக் கீழே, அன்று காலை யார் கார் எடுப்பது, சின்னவனைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்று இப்போதே எழுதியிருக்கிறார்கள்.