புறவன்கூடு: நண்டுக்கு ஏது எலும்பு?

போன கிழமை ஒரு பத்திரிகையில் ‘வெளி எலும்புக்கூடு அணியும் படையினர்’ என்று தலைப்பு. வாசித்த தம்பியின் மகன், “பெரியப்பா, செத்த ஆக்களின்ர எலும்பையோ போடுறவை?” என்று கேட்டான். பிள்ளையில் பிழையில்லை. இந்தச் சொல்லாட்சி என் கண்ணில் குத்துவது ஐந்தாறாம் தரம்.

பொருள் இதுதான்: உடம்புக்கு வெளியே மாட்டி, முதுகுச் சுமையை நிலத்துக்கு இறக்கிவிடும் சட்டம். ஆங்கிலத்தில் ‘எக்ஸோஸ்கெலிட்டன்’. ‘எக்ஸோ’ என்றால் வெளியே. ‘ஸ்கெலிட்டன்’ உலர்ந்ததைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஏறக்குறைய எங்கள் கருவாடு. மூலத்தில் எலும்பே இல்லை.

பிறகு எலும்பு எப்படி நுழைந்தது? சொல்லை இரண்டாகப் பிய்த்து, அகராதியில் முதலில் கண்டதை ஒட்டியதால்தான். ஆங்கிலத்தில் இது முதலில் நண்டு, பூச்சியின் வெளிக்கோதுக்கு வைத்த பெயர். பாசையூர்ச் சந்தையில் போய் நண்டுக்கு எலும்பு இருக்கோ என்று கேளுங்கள். கோதுதான் இருக்கு என்பார்கள். நாங்கள் உயிரியலில் படித்தது ‘புறவன்கூடு’. வன்மையான கூடு வன்கூடு. எலும்பு, கோது, இரும்பு எதுவும் அதற்குள் அடங்கும். தமிழ்நாட்டார் ‘புறச்சட்டகம்’ என்பார்கள், அதுவும் சரி. ‘வெளி எலும்புக்கூடு’ என்று எழுதுகிறவர்களோ ‘சனத்துக்கு விளங்க வேணுமே’ என்கிறார்கள். விளங்கின இலட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே!

இதைவிட மோசம், சிலர் இதற்கு எழுதும் ‘கவச உடை’. கவசம் குண்டைத் தடுப்பது, இது சுமையைத் தாங்குவது. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த ‘ஹார்டிமன்’ என்ற புறவன்கூட்டின் சொந்தப் பாரமே 680 கிலோ. முழுதாக இயக்கினால் கட்டுக்கடங்காமல் உதறியது, கடைசியில் ஒரு கையோடு நின்றுபோனது. அமெரிக்க ஆயுத நிறுவனமான லொக்கீட் மார்ட்டினின் ‘ஹல்க்’ 90 கிலோ வரை சுமக்கவென்று வந்தது. இரண்டிலும் கவசம் எங்கே? கவசத்தையும் புறவன்கூட்டையும் ஒன்றாக்கப் பார்த்தது அமெரிக்கச் சிறப்புப் படைகளின் ‘டாலோஸ்’ திட்டம். 2013இல் தொடங்கி, நினைத்த உடை வராமலே 2019இல் முடிந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்தக் கதையைத் தமிழில் எப்படிச் சொல்வது? மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்குச் சொல் எண்ணிக்கைக்குக் காசு.

ஆனால் என் சொல்லுக்கும் ஒரு சிக்கல் வருகிறது. மோட்டாரும் மின்கலமும் பாரமாகி, மின்கலம் தீர்ந்தால் எல்லாமே வீண்சுமை என்பதால், இப்போது மென்துணிப் பக்கமும் போகிறார்கள். அமெரிக்கத் தரைப்படை பரிசோதித்த ‘சேபர்’ ஒன்றரைக் கிலோவும் வராது. இழுபட்டிகள்தான் குனிந்து தூக்குபவரின் முதுகைத் தாங்குகின்றன. வன்மையும் இல்லை, கூடும் இல்லை. அதைப் புறவன்கூடு என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆங்கிலக்காரரே அங்கே ‘சூட்’ என்று மாறிவிட்டார்கள். நமக்குத் ‘தாங்குடை’ போதும். தம்பியின் மகனிடம் சொன்னேன், கேள்வி கேட்காமல் விளங்கிக்கொண்டான்.