காற்றைப் படிக்க நேரம் கிடைக்காத அணிகள்

2012 சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தது பலருக்கும் நினைவிருக்கும். அதே இரவில் மாருசியா அணியின் டிமோ கிளாக் 12ஆவதாக வந்ததை அநேகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் பத்து பேருக்குத்தான் புள்ளி. ஆனாலும் அந்த அணிக்கு அது பெரிய விஷயம். மாருசியா, கேட்டர்ஹாம், எச்ஆர்டி மூன்றுக்கும் அந்த ஆண்டு ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி சமமாக இருந்தால், எந்த அணியின் கார் ஏதாவது ஒரு பந்தயத்தில் மேலான இடத்தில் முடித்தது என்று பார்ப்பார்கள். சிங்கப்பூரின் மரினா பே தடத்தில் கிடைத்த அந்த 12ஆம் இடம் மாருசியாவை 10ஆவது அணியாக உயர்த்தியது. பரிசுப் பணத்தில் 10ஆம் இடத்துக்கும் 11ஆம் இடத்துக்கும் நடுவே கோடிக்கணக்கில் வித்தியாசம். கடைசிப் பந்தயமான பிரேசிலில் கேட்டர்ஹாமின் விட்டாலி பெட்ரோவ் 11ஆவதாக வந்து அந்த 10ஆவது அணி இடத்தைப் பறித்துக்கொண்டார்.

மூன்றும் வேறு பெயர்களில் 2010இல் ஒன்றாக உள்ளே வந்த அணிகள். எச்ஆர்டி 2012 முடிவோடு போனது. கேட்டர்ஹாம் 2014இல் நின்றது. மாருசியா மேனர் என்ற பெயரில் மூச்சுப் பிடித்து, 2017 ஜனவரியில் மூடப்பட்டது. இவற்றோடு அனுமதி பெற்ற யூஎஸ்எஃப்1 பந்தயத் தடத்துக்கே வரவில்லை.

பணம் போதவில்லை என்பது எல்லாரும் சொல்லும் காரணம். பொய்யில்லை. ஆண்டுச் செலவுக்கு 4 கோடி பவுண்டு உச்சவரம்பு வரப்போகிறது என்று நம்பித்தான் இவர்கள் விண்ணப்பித்தார்கள். அந்த வரம்பு வரவே இல்லை. ஆனால் டொயோட்டாவைப் பாருங்கள். 2002 முதல் 2009 வரை தண்ணீராகச் செலவழித்தும் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. பணத்தைக் கொடுத்து உடனே வாங்க முடியாத ஒன்று இங்கே இருக்கிறது. அது தன் காரைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்ற நம்பகமான அறிவு.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் எதிர்க்காற்று இல்லாத நாளில் சைக்கிள் வேகத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். காற்றின் தடை நான்கு மடங்காகும். ஃபார்முலா ஒன் காரைத் தரையோடு அழுத்தும் கீழ்விசையும் இதே கணக்குத்தான். முன் இறக்கை, அடித்தளம், பின் இறக்கை எல்லாம் சேர்ந்து காற்றை மேலே திருப்பிவிட்டு, காரைக் கீழே தள்ளுகின்றன. அந்த அழுத்தம் இருந்தால்தான் வளைவில் டயர் பிடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், முன் சக்கரம் சுழலும்போது அதன் பின்னால் கலங்கிய காற்று கிளம்புகிறது. அது அடித்தளத்துக்குள் புகுந்தால் கீழ்விசை சரிந்துவிடும். அதை வெளியே ஒதுக்கத்தான் முன் இறக்கையில் அத்தனை மடிப்புகள். வடிவம் சில மில்லிமீட்டர் மாறினாலே சுழல் வேறு பக்கம் போகும். டயரோ எடையில் நசுங்கி, வளைவில் உருமாறிக்கொண்டே இருக்கிறது. இதைக் கணினியில் துல்லியமாகப் பிடிப்பது மிகக் கடினம். மாதிரி காரின் மேல் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கமும் முழு உண்மையைச் சொல்லாது. விதிப்படி மாதிரி கார் 60 சதவீத அளவு, காற்றின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சிறிய உருவத்தில் மெதுவாக ஓடும் காற்று, 300 கிலோமீட்டர் வேகக் காரின் மேல் ஓடும் காற்றைப் போலவே நடந்துகொள்ளாது.

ஆகவே கணினி, சுரங்கம், தடம் மூன்றும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பொருத்திப் பார்ப்பதே அணியின் அடிப்படை வேலை. எங்கே, எவ்வளவு பிசகும் என்று பழைய அணிகளுக்குப் பல ஆண்டுத் தரவு சொல்லும். புதியவர்களுக்கு அந்தத் திருத்தப் பட்டியல் கிடையாது. போதாததற்கு, பருவத்தின் நடுவே சோதனை ஓட்டம் செய்வதற்கு 2009இல்தான் தடை வந்திருந்தது. தடத்தில் கற்கும் வழியும் அடைபட்டது.

மாருசியாவின் முந்தைய பெயர் வெர்ஜின். சுரங்கமே வேண்டாம், கணினி போதும் என்று முதல் காரை வடிவமைத்தார்கள். துணிச்சலை மதிக்கிறேன், ஆனால் ஒப்பிட்டுச் சரிபார்க்க இரண்டாவது கருவியே இல்லாமல் போனது. 2011இன் நடுவில் அந்த வழியைக் கைவிட்டு மெக்லாரன் உதவியை நாடினார்கள். எச்ஆர்டி நிலைமை இன்னும் மோசம். சென்னையின் கருண் சந்தோக் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியதே 2010 பஹ்ரைன் பந்தயத்தில் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில்தான். முதலிடத்தைவிடப் பத்து நொடிக்கு மேல் பின்தங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நரேன் கார்த்திகேயனால் 107 சதவீத விதியைத் தாண்ட முடியவில்லை. முதல் கட்டத் தகுதிச் சுற்றின் சிறந்த நேரம் 100 நொடி என்றால், பந்தயத்தில் ஓட 107 நொடிக்குள் வரவேண்டும் என்பது விதி. நம் ஊர்க்காரர்கள் இருவரையும் மெதுவானவர்கள் என்று பேசியது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர்கள் கையில் இருந்தது சோதிக்கப்படாத கார்.

கீழ்விசைக் குறைவு அதோடு நிற்பதில்லை. காரின் பிடி குறைந்தால் டயர் வழுக்கும். மேற்பரப்பு மட்டும் சூடாகித் தேயும், பிடி இன்னும் குறையும். சிங்கப்பூரில் இது அப்பட்டமாகத் தெரியும். இரவிலும் வெப்பம், ஈரப்பதம்; நீண்ட நேர்ப்பாதைகள் குறைவு, எனவே எஞ்சினும் பிரேக்கும் ஆறுவதற்கு இடைவெளி இல்லை. குளிர்விக்கக் காற்று வாயிலைப் பெரிதாக்கினால் கீழ்விசையில் கொஞ்சம் போகும். தன் தரவை நம்பும் அணி தேவையான அளவே திறக்கும். நம்பாத அணி பயந்து அதிகம் திறக்கும்.

2016இல் வந்த ஹாஸ் வேறு வழி பிடித்தது. விதி அனுமதித்த பாகங்களை ஃபெராரியிடம் வாங்கி, அடிச்சட்டத்தைப் பந்தயக் கார் தயாரிக்கும் டல்லாரா நிறுவனத்திடம் செய்வித்து, முதல் பந்தயத்திலேயே 6ஆவதாக வந்தது. அறிவைக் கடன் வாங்கியது என்றே சொல்லலாம். என் பார்வையில் 2010க்குப் பிறகு உள்ளே வந்தவர்கள் செய்த புத்திசாலித்தனமான முடிவு அதுதான். இப்போது விதியும் கொஞ்சம் இரங்கியிருக்கிறது: பட்டியலின் அடியில் உள்ள அணிக்குச் சுரங்க நேரம் அதிகம், சாம்பியனுக்குக் குறைவு. 2010இல் இது இருந்திருக்க வேண்டும்.

2026இல் 11ஆவது அணியாகச் சேரும் காடிலாக்கும் முதலில் ஃபெராரி எஞ்சினைத்தான் வாங்கிக்கொள்கிறது. பயிற்சியின்போது ஒரு காரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் சீப்பு போன்ற கம்பிச் சட்டம் நின்றால், அல்லது இறக்கையில் பளிச்சென்று சாயம் வழிந்தால், அந்த அணி காற்றைப் பொருத்திப் பார்க்கிறது என்று அர்த்தம். அந்த ஆண்டு சிங்கப்பூரில் கூடுதலாக ஒரு குறும்பந்தயமும் நடக்கும் ஸ்பிரிண்ட் வடிவம். அதனால் அதற்கெல்லாம் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரப் பயிற்சி.