அல்காரிதம் வேறு, நெறிமுறை வேறு

"யூடியூப் நெறிமுறை மாற்றம்: பார்வைகள் சரிவு." தொழில்நுட்பச் செய்திகளில் இப்படித் தலைப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. எந்தக் காணொளியை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதத்தைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். எந்த நெறிமுறை?

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித நூல்கள் எழுதியவர் அல்குவாரிஸ்மி. லத்தீனில் அவர் பெயர் அல்கோரித்மி ஆனது. முதலில் இந்திய எண்களால் கணக்கிடும் முறைக்கும், பின்னர் படிப்படியாகச் செய்து முடிக்கும் எந்தக் கணக்குக்கும் அதுவே பெயராயிற்று.

நெறிமுறை என்பது நடந்துகொள்ள வேண்டிய ஒழுங்கு. தேர்தல் நடத்தை நெறிமுறை, ஊடக நெறிமுறை என்கிறோம். கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் விதிகளான புரோட்டோகாலுக்கும் அதே சொல்தான். யூடியூபிலும் எழுதிவைத்த விதிகள் உண்டு. விதியை மீறியதற்கான ஸ்டிரைக் 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும், மேல்முறையீடு செய்யலாம். அல்காரிதத்திடம் முறையிட முடியாது. 2012இல் யூடியூப், பார்வை எண்ணிக்கையை விடப் பார்த்த நேரத்துக்கு முன்னுரிமை கொடுத்தது. தலைப்பில் ஆசைகாட்டி உள்ளே சரக்கில்லாத காணொளிகள் கீழிறங்கின. அவை எந்த விதியையும் மீறவில்லை. இரண்டையும் நெறிமுறை என்றால், சேனல் தண்டிக்கப்பட்டதா, வரிசையில் பின்னுக்குப் போனதா என்று எப்படித் தெரியும்? முன்னதற்கு முறையீடு எழுத வேண்டும். பின்னதற்கு இழுவையான தொடக்கத்தை வெட்ட வேண்டும். போதாததற்கு, 'நெறி' என்றதும் ஒரு நியாயமும் ஒட்டிக்கொள்கிறது. நிமிடங்களை எண்ணும் கணக்குக்கு நியாயம் ஏது?

(ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் பாட்டு ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. இதையும் அல்காரிதம் என்கிறார்கள். இது வெறும் கூலிக்கணக்கு விதி.)

அல்காரிதத்துக்கு இன்னொரு தமிழாக்கமான 'படிமுறைத் தீர்வு' பரவாயில்லை, 'தீர்வு' என்ற வால்தான் நீளம், பொருந்தவுமில்லை. பார்வையாளர் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவார் என்பதை 10 சதவீதம் கூடுதல் துல்லியமாகக் கணிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006இல் அறிவித்தது. 2009இல் ஒரு குழு வென்றது. வென்ற முறையை நிறுவனம் முழுதாகப் பயன்படுத்தவில்லை. கிடைக்கும் பலனுக்கு உழைப்பு அதிகம் என்றது. பரிந்துரை என்பது ஊகம். அங்கே தீர்வு எங்கிருந்து வந்தது?

படிமுறை போதும். பரிந்துரைப் படிமுறை, வரிசைப் படிமுறை என்று தேவைக்கேற்ப அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் அல்காரிதம் என்றே எழுதுங்கள். மரத்தை, மரத்தால் போல அல்காரிதத்தை, அல்காரிதத்தால் என்று உருபு ஏற்கிறது. செயலியில் அடுத்தடுத்து வந்து விழும் பதிவுகளின் வரிசையான ஃபீடை 'ஊட்டம்' ஆக்கி வாசகருக்குச் சத்துணவு பரிமாறும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.