அநாமதேயம்: பெயரில்லாதவரும் ஆள் தெரியாதவரும்

அநாமதேயம்: பெயர் இல்லாத நிலை, எழுதியவர் இன்னார் என்று குறிப்பிடாத எழுத்து, கடிதம், கணக்கு. ஆளைக் குறித்தால் அநாமதேயர். ‘அநாமதேயப் பேர்வழி’ என்று பேச்சில் சொல்லும்போது ஊர் பேர் தெரியாதவன் என்ற இளப்பமும் கூடவே வந்துவிடும். இணையத் தமிழில் சுருங்கி அனானி ஆனது. தமிழ்ச் சொல் பெயரிலி.

வடமொழியில் நாமதேயம் என்றால் பெயர். முன்னால் வரும் ‘அ’ இன்மையைக் காட்டும். கிரேக்கத்தில் ‘ஓனொமா’ என்றால் பெயர், ‘அன்’ இன்மை. அதிலிருந்து ‘அனோனிமோஸ்’ பிறந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தின் அனானிமஸ் ஆனது. நாமமும் ஓனொமாவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை. அனானியும் அநாமதேயமும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பது அதனால்தான்.

இந்தக் குடும்பத்தில் சேராமலே சேர்ந்ததுபோல் தோன்றும் சொல் ஒன்று உண்டு: அனாமத்து. அது ‘அமானத்’ என்ற அரபுச் சொல்; ஒப்படைத்துவைத்த பொருள் என்று அர்த்தம். உருது வழியாக வந்து நம் கணக்குப் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முடிவாகாத தொகையைப் போட்டுவைக்கும் இடம் அனாமத்துக் கணக்கு. ‘வண்டி அனாமத்தா நிக்குது’ என்பது கேட்பாரற்று நிற்பதைச் சொல்கிறது. அங்கே பெயருக்கு வேலையே இல்லை. ஆகவே பெயர் சொல்லாதவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ‘அனாமத்து அக்கவுண்ட்’ என்று எழுதுவது பிழை.

அனானி வருவதற்கு வெகுமுன்பே இந்தப் பொருளுக்கு ஊர்ச்சொல் இருந்தது: மொட்டைக் கடுதாசி, மொட்டைப் பெட்டிஷன். அடியில் கையெழுத்து இல்லாததால் மொட்டை. ஆனால் அந்தக் கடுதாசியிலும் ஆள் அகப்பட்டார். உறையின் மேல் தபால் முத்திரை ஊரையும் தேதியையும் காட்டியது. எழுத்தின் சாய்வு கையைக் காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த விஷயம் மூணு பேருக்குத்தான தெரியும்’ என்று படித்தவர் கணக்குப் போட்டார். இன்றைய சமூக ஊடகத்தில், இணைய இணைப்பைக் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி முத்திரையின் இடத்தில் இருக்கிறது, நடை கையெழுத்தின் இடத்தில் இருக்கிறது. மூன்றாவது கணக்கு அப்படியேதான் இருக்கிறது. பெயர் மறைத்த மிரட்டலைத் தண்டிக்கும் சட்டப் பிரிவும் (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 507, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 351(4)) பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மிரட்டியவரின் ‘பெயரையோ இருப்பிடத்தையோ’ மறைப்பது என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

பெயரிலி என்ற சொல்லின் குறையும் இங்கேதான் தெரிகிறது. பெயர் இல்லை என்பது வேறு, ஆள் தெரியவில்லை என்பது வேறு. சங்கப் புலவர் பட்டியலைப் பார்த்தால் போதும். குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவரின் பெயர் கிடைக்காததால், பாட்டில் வரும் உவமையே பெயராகி அவர் செம்புலப் பெயனீரார் ஆனார். எந்த ஊர், என்ன தொழில், யாருடைய பிள்ளை, எதுவும் தெரியாது. உண்மையான அநாமதேயர் அவர். மதுரைக்காரர்கள் நேர் எதிர்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். அறுவை என்றால் துணி. இளவேட்டனார் என்ற பெயரை அழித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: மதுரையில் துணி வியாபாரம் செய்கிறவர், பாட்டும் எழுதுகிறவர். அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இன்று சுயவிவர வரியில் நாமே இதைத்தான் எழுதி வைக்கிறோம். பெயரை மாற்றி, படத்துக்குப் பூனையை வைத்துவிட்டு, ‘மதுரை செல்லூர், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் குவாலிட்டி வேலை, ரெண்டு பொண்ணுகளுக்கு அப்பா’ என்று போட்டால் அது அடையாள அட்டை. அதில் பெயர் வரி மட்டும் காலி. 2000ஆம் ஆண்டில் லதான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டியது இது: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூன்று மட்டும் தெரிந்தால் அந்நாட்டில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு விவரமும் தனியே தீங்கற்றது. சேரும்போதுதான் ஆள் அகப்படுகிறார்.

ஆகவே ஆளைக் குறிக்கப் பெயரிலி என்பதே போதும், அழகான சொல். நிலையைக் குறிக்க ‘ஆளறியாமை’ என்று எழுதலாம். ‘ஆள் தெரியாம’ என்று நாம் பேசுவதன் எழுத்து வடிவம்தான் அது. அதற்காகச் செய்யும் வேலைக்கு அடையாள மறைப்பு. பிரைவசி என்பது இவற்றில் எதுவும் அல்ல. அது அந்தரங்கம், அதன் மேல் நமக்கு உள்ள உரிமை தனியுரிமை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அடிப்படை உரிமை என்று சொன்னது இந்தத் தனியுரிமையைத்தான். சொந்தப் பெயரில், பூட்டிய கணக்கில், உறவினர் நாற்பது பேருக்கு மட்டும் படம் போடுகிறவருக்கு அந்தரங்கம் இருக்கிறது, ஆளறியாமை இல்லை. பொய்ப்பெயரில் ஊருக்கே கேட்கப் பேசுகிறவருக்கு ஆளறியாமை இருக்கலாம், அந்தரங்கம் இல்லை. அங்கே இருப்பது புனைபெயர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே புனைபெயரில் மூன்று வருடம் எழுதினால் மூன்று வருடத் துப்பும் ஒரே நூலில் கோத்திருக்கும். ஒன்று அவிழ்ந்தால் எல்லாம் அவிழும்.

அவிழும் இடங்களில் முதலாவது போன் நம்பர். இங்கே சிம் வாங்க அடையாளச் சான்று தர வேண்டும் என்பது அரசு சார்ந்த விஷயம். அக்கம்பக்கத்தாருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கூகுள் பேயிலோ போன்பேயிலோ பணம் அனுப்புவதுபோல் நம்பரைத் தட்டினால், அந்த நம்பரில் யுபிஐ இருக்கும்பட்சத்தில் வங்கியில் பதிந்த பெயர் திரையில் வந்து நிற்கும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ட்ரூகாலரில் மற்றவர்கள் நம்மை எப்படிச் சேமித்தார்களோ அப்படித் தெரிவோம், ‘செல்லூர் குமார் மெக்கானிக்’ என்பதுபோல. பெயரிலிப் பக்கம் நடத்திக்கொண்டே வெள்ள நிவாரணத்துக்குச் சொந்த கியூஆர் கோடு போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டெலிகிராமில் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதியில் போன் நம்பர் வரியை ‘யாருக்கும் இல்லை’ என்று வைக்க வேண்டும். அப்படி வைத்ததும் கீழே இன்னொரு கேள்வி வரும்: என் நம்பரை வைத்து என்னைக் கண்டுபிடிக்க யாருக்கு அனுமதி? பலர் அதைப் பார்க்காமல் ‘எல்லோரும்’ என்றே விட்டுவிடுகிறார்கள். நம்பர் தெரிந்தவர் தன் தொடர்புப் பட்டியலில் அதைச் சேர்த்தால் நம் புனைபெயர்க் கணக்கு வந்து நிற்கும். இரண்டாவதையும் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். எக்ஸிலும் நம்பர், மின்னஞ்சல் மூலம் கண்டுபிடிக்க விடும் இரண்டு குறிகள் இருக்கின்றன, இரண்டையும் எடுத்துவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் ஆளறியாமைக்கு இடமே இல்லை. வாட்ஸ்அப் சேனல் தேவலை, நிர்வாகியின் நம்பர் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. பேஸ்புக் குழுவில் ‘பெயர் மறைத்துப் பதிவிடு’ என்பதை நம்பிச் சொந்தக் கதையைக் கொட்டுகிறவர்கள், குழு நிர்வாகிகளுக்குப் பெயர் தெரியும் என்பதை முதலில் அறிய வேண்டும். நிர்வாகி பக்கத்துத் தெருக்காரராக இருந்தால் இன்னும் நன்றாகவே அறிய வேண்டும்.

புதுக்கணக்குக்குத் தனி மின்னஞ்சல் வேண்டும், அதுவும் பழைய மின்னஞ்சலின் சாயல் இல்லாமல். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று யார் தட்டினாலும், பல தளங்கள் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தையோ மின்னஞ்சலின் முதல் எழுத்தையோ காட்டும். சந்தேகப்படுகிறவருக்கு அந்த அளவு போதும். தொடர்புப் பட்டியலை ஏற்றும் அனுமதியை முதல் நாளே மறுத்துவிடுங்கள். ஏற்றிவிட்டால் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று நம்மைச் சித்தப்பா மகனுக்கே பரிந்துரைக்கும். அவனும் சும்மா இருப்பானா? முதல் பதிவின் கீழேயே ‘அண்ணே செம’ என்று எழுதிவிட்டுப் போவான்.

அடுத்தது படம். கேமரா அமைப்பில் ‘இருப்பிடக் குறி’ இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதப்படும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே அது சுமார் 11 மீட்டர் துல்லியம். வீட்டு வாசல்வரை காட்டும். இன்ஸ்டாகிராம், எக்ஸ் போன்றவை பார்ப்பவருக்கு அதைக் காட்டுவதில்லை, ஆனால் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் குறி உதிரும். தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் போட்டோஸில் படத்தை மேல்நோக்கித் தள்ளினால் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

குறியை நீக்கினாலும் படத்தின் பின்னணி ஊர் சொல்லும். மொட்டை மாடியில் காயும் வத்தலைப் படம் எடுத்தால் பின்னால் மதுரையின் யானைமலை நிற்கும். ஒத்தக்கடையில் தெரியும் வடிவம் வேறு, தூரத்தில் நகருக்குள்ளிருந்து தெரியும் வடிவம் வேறு. கோணம் பார்த்தே திசையைச் சொல்லிவிடுவார்கள். டிஎன் 58, 59, 64 என்ற வண்டிப் பலகைகள் மதுரை என்பதைச் சொல்லும், கடைப் பலகையின் 625ல் தொடங்கும் பின்கோடு பகுதியையே சொல்லும். அழகர் ஊர்வலம் தெருமுனையைத் தாண்டும்போதே நேரலை போடாமல் மறுநாள் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று மின்தடை. பராமரிப்புக்காக எந்தெந்தப் பகுதியில் எந்த நேரம் மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, நாளிதழ்களிலும் வருகிறது. ‘காலையிலிருந்து கரண்ட் இல்ல’ என்று எழுதுகிற பெயரிலி அந்தப் பட்டியலுக்குள் தானே போய் உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு மாதத்தில் இரண்டு முறை எழுதினால் இரண்டு பட்டியலிலும் உள்ள பகுதிகள் மட்டுமே மிஞ்சும்.

பேச்சும் அப்படித்தான். ‘வந்தாய்ங்க, போனாய்ங்க, அங்கிட்டு, இங்கிட்டு’ என்று எழுதினால் மாவட்டம் சொல்லாமலே தெரியும். அதைத் துறந்து எழுதினால் எழுத்து சப்பென்று ஆகிவிடும் என்பதும் உண்மைதான். அலுவலக முறைகேட்டை எழுதுகிறவர் துறக்கத்தான் வேண்டும். கிரிக்கெட் பேசுகிறவருக்கு அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

ஸ்கிரீன்ஷாட்டில் விவரத்தை மறைக்க ஹைலைட்டர் தூரிகை உதவாது. கறுப்பாகத் தெரிந்தாலும் அது பாதி ஒளிபுகும் மை. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து மேலே வரும். நிரப்பிய கட்டத்தால் மூடிவிட்டு, அந்தப் படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை மட்டும் பதிவிடுங்கள். பிடிஎஃபில் கட்டம் போடுவது இன்னும் மோசம், அடியில் எழுத்து அப்படியே நகலெடுக்கக் கிடைக்கும். வெட்டிய பகுதியும் போய்விட்டது என்று நம்ப முடியாது: கூகுள் பிக்சல் போன்களின் திருத்தக் கருவி, வெட்டிய படத்தின் மிச்சத்தைக் கோப்புக்குள்ளேயே விட்டுவைத்தது 2023 மார்ச்சில் வெளிவந்தது.

நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டால் எல்லாம் மறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தளத்திடமிருந்து அது மறைப்பது ஐ.பி. முகவரியை மட்டும். சொந்த நம்பரில் திறந்த கணக்குக்குள் விபிஎன் வழியாக நுழைந்தாலும் நுழைந்தது நாம்தான். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை அதற்காகவே எடுத்துக்கொண்டு போயின. ஆகவே ஆளறியாமை என்று எழுதும்போது யாரிடமிருந்து என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மேலே சொன்னவை உறவு, தெரு, முதலாளி ஆகியோரிடமிருந்து மறைக்கும். நீதிமன்றமோ காவல்துறையோ சட்டப்படி கேட்டால் தளம் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். அவதூறு எழுத இது கேடயம் ஆகாது.

நம் அந்தரங்கப் படத்தை இன்னொருவர் போட்டுவிட்டால் பாதை வேறு. தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்தால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி எடுக்கக் குறித்த கெடு 24 மணி நேரமாக இருந்தது, 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அது 2 மணி நேரமானது. புகாருக்கு முன் இணைப்பு முகவரியோடும் தேதியோடும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். நீக்கிய பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. பணம் கேட்டு மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930.

பழைய கணக்கையே பெயர் மாற்றிப் பெயரிலி ஆக்குவது வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி, எப்போது தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாறியது என்பதைக் காட்டக்கூடும். பழைய பெயரைக் குறியிட்டு மற்றவர்கள் எழுதியவை அவர்கள் பக்கத்தில் கிடக்கும், முதல் நூறு பின்தொடர்பவர்கள் பள்ளித் தோழர்களாகவே இருப்பார்கள். புதிதாகத் திறந்து, ஒரு மாதம் யாரையும் பின்தொடராமல் இருந்துவிட்டு எழுதத் தொடங்குவதே மேல்.