நம்மூர் குளிர்ல க்ளூட்டன் ஃப்ரீ ப்ரெட்ட வெளிய வெக்காதீங்க

ஊட்டி, கோத்தகிரி பக்கம் இருந்து வர்றவங்க நிறைய பேரு சொல்றது, "நம்ம குளிருக்கு ஃப்ரிட்ஜே வேணாம் மேடம், ப்ரெட்டு வெளிய வெச்சாலே கெடாது". கெடாதுதான், சீக்கிரம் பூஞ்சை வராது, ஆனா மறுநாள் காலைல எடுத்துக் கடிச்சுப் பாருங்க, மரக்கட்ட.

குன்னூர்ல டயட்டீஷியனா வேலை பாக்கறேன். சீலியாக், அதாவது கோதுமை, பார்லில இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் குடல பாதிக்கற நோய், இருக்கற பிள்ளைங்களோட அம்மாக்கள்தான் க்ளூட்டன் இல்லாத ப்ரெட்ட எப்படி வெச்சுக்கறதுன்னு அதிகமா கேக்கறாங்க. கடைல வாங்குனா விலை, வீட்ல பண்ணா பாதி நாள் போயிரும், அப்படி பண்ணத தூக்கிப் போட்டா வயிறு எரியாதா?

விஷயம் என்னன்னா, இந்த ப்ரெட் முக்கால்வாசி அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், கார்ன் ஸ்டார்ச்தான். வேகும்போது தண்ணிய இழுத்து மெத்துன்னு ஆகற ஸ்டார்ச்சு, ஆறுனதும் மெல்ல மெல்ல திரும்ப இறுகும். இது வேகமா நடக்கறது உறைநிலைக்கு கொஞ்சம் மேல, அதாவது ஃப்ரிட்ஜோட 4 டிகிரி மாதிரி குளிர்லதான், ஜனவரி ராத்திரி ஊட்டி சமையலறையும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். ஃப்ரீசரோட மைனஸ் 18 டிகிரில அநேகமா நின்னே போயிரும். அதனால ஃப்ரிட்ஜும் வேணாம், அலமாரியும் வேணாம், நேரா ஃப்ரீசர்.

பண்ண அன்னிக்கே வெச்சிருங்க, ரெண்டு நாள் கழிச்சு மிச்சம் இருக்கறத வெக்கறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா முழுசா ஆறணும், சூட்டோட சுத்துனா ஆவி உள்ளயே உறைஞ்சு அப்புறம் எடுக்கறப்ப சொதசொதன்னு இருக்கும். முதல்லயே ஸ்லைஸ் போட்டு நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, ஜிப் கவர்ல காத்த நல்லா அமுக்கி வெளியேத்தி, மேல தேதி எழுதுங்க. ரெண்டு மூணு மாசம் ருசி நல்லா இருக்கும், அதுக்கப்புறம் விஷம் ஒண்ணும் ஆயிராது, வறண்டு போயி ஃப்ரீசர் வாடை அடிக்கும் அவ்வளவுதான். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல இருக்கற சின்ன ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது, அதுல வெச்சா ஒரு வாரத்துல முடிச்சிருங்க. மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போனா கதவ திறந்து திறந்து பாக்காதீங்க, நிறைஞ்ச ஃப்ரீசர் மூடியே இருந்தா சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதிதான் இருக்குன்னா 24.

சூடு பண்றது ஈஸி. இறுகுன ஸ்டார்ச்சு 60 டிகிரிக்கு மேல போனா திரும்ப இளகும். ஸ்லைஸ்னா உறைஞ்சபடியே தவால போட்டு, ஓரத்துல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு மூடி, சின்ன தீயில ரெண்டு மூணு நிமிஷம். மஃபினுக்கு இட்லி பானை ஆவியே போதும், ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும்னாலும் இதுக்கு அது தாராளம். மைக்ரோவேவ்ல ஈரத்துணி சுத்தி 20 செகண்ட், உடனே சாப்பிட்டுரணும், ஆறுனா முன்னவிட மோசம்.

நான் நிஜமா பயப்படறது இந்த தவா விஷயத்துலதான். இவ்வளவு பாத்துப் பாத்து பண்ணிட்டு கடைசில சப்பாத்தி போட்ட தவாலயோ எல்லாரும் மைதா ப்ரெட் சுடற டோஸ்டர்லயோ போட்டா எல்லாம் வேஸ்ட்டு. "அந்த சூட்டுல க்ளூட்டன் செத்துறாதா"ன்னு கேக்கறாங்க, அது கிருமி இல்லைங்க, புரதம், நம்ம அடுப்பு சூட்டுக்கும் போகாது ஃப்ரீசர் குளிருக்கும் போகாது. க்ளூட்டன் ஃப்ரீன்னு லேபிள் போட நம்ம நாட்டு விதிப்படி ஒரு கிலோவுல 20 மில்லிகிராம் வரைக்கும்தான் இருக்கலாம், அப்ப டோஸ்டர் தூளே எவ்வளவுன்னு யோசிச்சுக்கங்க. தனி தவா வாங்குங்க. ஃப்ரீசர்லயும் மூடி போட்ட தனி டப்பா, மேல் தட்டுல.

இன்னொண்ணு, சம்பா கோதுமை பாரம்பரியம், ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, அதுவும் கோதுமைதான், பார்லியும் ஆகாது. நம்மூர் பேக்கரில விக்கற மொறுமொறு வர்க்கி பத்தி கேக்கவே வேணாம், மைதா. ராகி நல்லது, ஆனா கோதுமை அரைச்ச அதே மில்லுல அரைச்ச ராகி மாவு வேணாம், வீட்டு மிக்ஸில அரைச்சுக்கங்க.

ஸ்கூல்ல யாருக்காவது பர்த்டேன்னா கேக் குடுக்கறப்ப உங்க பிள்ள மட்டும் பாத்துட்டு நிக்க வேணாம், க்ரீம் தடவாத கப் கேக் நாலஞ்சு எப்பவும் ஃப்ரீசர்ல கிடக்கட்டும். முந்தின ராத்திரி கவரோட எடுத்து வெளிய வெச்சிருங்க, கவர பிரிச்சு வெச்சா ஈரம் கேக் மேலயே இறங்கும். காலைல லேசா ஆவி காட்டி, ஆறுனதும் க்ரீம் தடவி, பேர் எழுதுன தனி டப்பால குடுத்து விடுங்க, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருங்க.